மூன்று நாள் உஷாரில்லை

குழந்தை பிறந்த பதினான்காம் நாள், என் மாமியார் என் மகளைக் கடத்திக்கொண்டு போகத் திட்டம் போடுகிறார் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். ஆதாரம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். முதலில் சந்தேகப்பட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து ஆதாரம் சேர்ப்பேன். அன்றைய கணக்குக்கு என் கையில் நான்கு ஆதாரங்கள் இருந்தன. அது போக, இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி. அதற்குத் துணையாக மூன்று நாளாக வந்து போய்க்கொண்டிருந்த ஒரு காய்ச்சல்.

கட்டியையும் காய்ச்சலையும் விட்டுவிட்டு ஆதாரங்களை ஏன் கவனித்தாய் என்று யாரும் கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது. அந்த நாட்களில் என் மூளையில் பாதிக்கு மேல் பால் ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவம் என்றால் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். என் அம்மாவோ, நான் ஒன்பதாம் மாதத்தில் இருந்தபோது குளியலறையில் வழுக்கி, தொடை எலும்பில் பிளேட் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டில் படுத்துவிட்டாள். அதனால் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து அத்தை வந்தார். திம்பம் மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் வாந்தி எடுத்து, குண்டலுபேட்டைக்காரர் ஒருவரின் தோளில் தூங்கி, இரண்டு சாக்கு மூட்டையோடு மைசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஒரு மூட்டையில் பூண்டு. இன்னொரு மூட்டையில் என்னவென்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கே எனக்கு லேசாக ஒரு நெருடல்.

என் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையாக நாங்கள் மைசூர்க்காரர்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், சண்டை வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது. எங்கள் தமிழைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்டால் ரேடியோவில் ஸ்டேஷன் மாறிவிட்டது போலத் தலையைச் சாய்ப்பார்கள். நிச்சயதார்த்தத்தன்று நான் மரியாதையாக, "ஊட்டா ஆச்சா அத்தை?" என்று கேட்டேன். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். அத்தை யோசித்துவிட்டு, "ஊட்டிக்கு இன்னும் போகல கண்ணு. கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் சேந்து போவோம்" என்றார். அதிலிருந்து, நான் சொல்வதில் ஒரு சொல் புரியாவிட்டால் உடனே நிறுத்திக் கேட்டுவிடுவார். நானும் விளக்குவேன். அந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் கோபிக்காரர். எட்டு வருஷமாக மைசூரில் வேலை. கன்னடத்தில் வேணும் என்பதற்கு 'பேக்கு', வேண்டாம் என்பதற்கு 'பேடா'. இந்த இரண்டே சொல்லில் எட்டு வருஷத்தை ஓட்டிய சாமர்த்தியசாலி.

பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது இடது மார்பு கனத்துக் கிடந்தது. கை வைத்தால் உள்ளே ஏதோ கெட்டியாக உருண்டது. தோலில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டது போலச் சிவப்பாக ஒரு முக்கோணம். குழந்தை அந்தப் பக்கம் வாய் வைத்ததும் உள்ளங்கால் வரை வலி இறங்கியது. சரி, அந்தப் பக்கத்துக்கு விடுமுறை என்று முடிவு செய்து வலது பக்கம் மட்டும் கொடுத்தேன். மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. மார்கழி மாதம், மைசூர், குளிராமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, பேருந்தில் அடிபட்டவள் போன்ற உடம்போடு சமையலறைக்குப் போனேன்.

"அத்தை, எனக்கு உஷாரில்ல."

உடம்பு சரியில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம். காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதும். கன்னடத்தில் இருந்து எப்போதோ வந்து எங்கள் தமிழில் குடியேறிவிட்டது. வந்த விருந்தாளி என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் நிஜமான இரக்கம்.

"அதுக்கென்ன கண்ணு? சொன்னயே, அதுவே பெருசு. நான் இருக்கறேன்ல. நான் உஷாரா இருந்துக்கறேன். நீ போயிப் படு."

நான் போய்ப் படுத்தேன். படுத்த பிறகுதான் யோசனை வந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், எனக்கு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் பதில் சொல்வாரா? அறுபத்தோரு வயதில் என்ன பெருமை இது? நெற்றியில் கை வைக்கவில்லை. என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. நான் இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை உள்ளே வந்தார். குழந்தையை, அதன் மெத்தை, கொசுவலை, துணிகளோடு அப்படியே வாரி எடுத்து ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"இனி பாப்பா எங்கூடவே இருக்கட்டும். பால் குடிக்கறதுக்கு மட்டும் கொண்டாந்து தர்றேன்."

இது ஆதாரம் ஒன்று.

உடனே நான் ஒரு பரீட்சை வைத்தேன். இனிமேல் என்ன வலி, எங்கே வலி என்று நானாகச் சொல்லப்போவதில்லை. யாருக்கு அக்கறை இருக்கிறதோ அவர்கள் கேட்கட்டும். கேள்வித்தாள் என் தலைக்குள் இருந்தது. பரீட்சை நடப்பதே எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஃபெயில் ஆவார்கள் என்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். இப்படிப்பட்ட பரீட்சைகளை நடத்துவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. கல்யாண நாள், பிறந்த நாள் சமயங்களில் கணவர் எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலை ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தேன்.

"இன்னிக்கும் உஷாரில்ல அத்தை."

"தெரியுது கண்ணு. பாத்துட்டுத்தான இருக்கறேன். மொதக் கொழந்தைக்கு எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும் இருந்துச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? அதுபாட்டுக்குப் பழகிக்கும்."

மார்பில் கல்லை வைத்துக்கொண்டு பழகிக்கொள்ள வேண்டுமாம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று முழுக்க அவர் என்னைக் கண்காணித்தார். இதைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை. பால் கொடுக்கும்போது கதவருகே நின்றுகொண்டு, "தூங்கீராத, தூங்கீராத" என்றார். என் தலைமாட்டில் இருந்த வெந்நீர் ஃபிளாஸ்க் மேல் தட்டுக்குப் போனது. கத்தரிக்கோல் காணாமல் போனது. குழந்தையின் அருகில் இருந்த தலையணையை எடுத்துவிட்டு, எடுத்ததை நான் கவனித்தேனா என்று ஒரு பார்வை வேறு. ஆதாரம் இரண்டு.

மூன்றாவது ஆதாரத்தைக் கணவர் வழங்கினார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் பிடிக்கிற ஆள் இல்லை. அந்தக் கை சுடுகிறது என்பதுகூட உறைக்காத அளவுக்கு உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க. நீ கவலப்படாத. நீ ஒண்ணும் மோசமான அம்மா இல்ல."

"நான் மோசமான அம்மான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் சொல்றேன், நீ இல்லன்னு."

"இல்லன்னா எதுக்குச் சொல்றீங்க?"

"சரி, உடு. அம்மா பாத்துப்பாங்க." போனை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்.

அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து என்னைப் பற்றி ஏதோ முடிவு செய்திருக்கிறார்கள். என்னவென்றுதான் தெரியவில்லை. அடுத்த நாள் காலை நான் குளியலறையில் இருந்தபோது அது தெரிந்தது. அத்தை ஊரில் இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கோபிக்குப் போன் பேசினால் கோபி வரைக்கும் கேட்க வேண்டும் என்ற கொள்கை உடையவர்.

"ஆமாக்கா. அவளே ஒத்துக்கிட்டா. வாயத் தொறந்து சொல்லீட்டா, பாவம். இல்லக்கா, என்னேரமும் ஒரு ஆளு பக்கத்துல வேணும். பேசாம கூட்டிட்டு வந்தர்றேன். மார்கழி போவட்டும். பஸ்ஸு நேரந்தான் கேக்கோணும்."

வெளியே வந்து பார்த்தால், சோபாவில் அத்தையின் மஞ்சள் பை. உள்ளே என் மகளின் கவுன்கள், சாக்ஸ், குல்லா, எல்லாம் ஒழுங்காக மடித்து. ஆதாரம் நான்கு. வழக்கு முடிந்தது.

சந்தேகத்தில் ஆளுக்கு ஆள் பாரபட்சம் காட்டும் வழக்கம் எனக்கில்லை. அத்தை போட்டுக் கொடுத்த கஷாயத்தைச் சந்தேகப்பட்டு, பாதியை வாஷ்பேசினில் ஊற்றினேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையைச் சந்தேகப்பட்டு, அதையும் இரண்டு நாள் விட்டுவிட்டேன். மார்பில் கட்டி என்று போனில் தேடினேன். ஒரு பக்கம் இதெல்லாம் சகஜம் என்றது. இன்னொரு பக்கம் உடனே டாக்டரிடம் ஓடு என்றது. இரண்டையும் சமமாகச் சந்தேகப்பட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு அதே போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஹாலில் தொட்டிலின் கீழே துணிகளுக்குள் ஒளித்து வைத்தேன். முக்கால் மணி நேரப் பதிவு கிடைத்தது. அதில் அத்தை என் மகளுக்கு ஊரில் ஒரு எருமை கிணற்றில் விழுந்த கதையைச் சொல்கிறார். எருமையைத் தூக்கி எடுக்கும் கட்டத்தில் அத்தையிடமிருந்து நீண்ட ஏப்பம். குற்றத்துக்கு உதவும் செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த எருமை நானாக இருக்குமோ என்று இரண்டாம் முறை போட்டுக் கேட்டேன்.

இவ்வளவையும் காய்ச்சலோடு செய்தேன். அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். காலில் பிளேட்டோடு படுத்திருப்பவளை எதற்குக் கலவரப்படுத்துவது என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், வலிக்கிற இடம் எது என்று யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிரசவ அறையில் ஊர் பேர் தெரியாத ஏழு பேர் முன்னால் போன கூச்சம், வீட்டுக்கு வந்ததும் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று தெரியவில்லை.

அன்று பத்து மணிக்கு எண்ணெய் அக்கா வந்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுகிறவர். மண்டி மொஹல்லாவில் வீடு. கன்னடக்காரர். தமிழ் வீடுகளில் வேலை செய்து செய்து, எங்களைப் போலவே இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசுவார். தங்கை மகளுக்குப் பிரசவம் என்று நான்கு நாள் வரவில்லை. அதனால் அந்த நான்கு நாளும் என் உடம்பை யாரும் தொடவில்லை.

முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் கையில் எண்ணெயை ஊற்றி என் தோளில் வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார்.

"ஏனவ்வா, எண்ணெய நான் சூடு பண்ணவே இல்லியே."

திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகு எண்ணெய் சொட்டும் கையோடு ஹாலுக்குப் போனார். அங்கே அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு இடுக்கில் என் காது.

"அம்மா, பாணந்திக்கு உஷாரில்ல." பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தில் பாணந்தி என்பார்கள். அந்தச் சொல் அத்தைக்கு இதற்குள் பழகியிருந்தது.

"அதத்தான் நானும் சொல்றேன்! உஷாரே இல்ல!"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவளே சொல்லீட்டாளே."

"எத்தன தினமா இப்படி?"

"எத்தன தினமாவா? பொறந்ததுல இருந்தே அப்படித்தானாட்ட இருக்குது. நிச்சயத்தன்னிக்கே மோதரத்தத் தொலச்சவதான."

எண்ணெய் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பொறந்ததுல இருந்தா! டாக்டர்கிட்டே காட்டலியா?"

"இதுக்கெல்லாம் எந்த டாக்டரு மருந்து குடுப்பாரு? வயசாக வயசாகத் தானா வந்துரும்."

கதவுக்குப் பின்னால் நான், பாவாடையை நெஞ்சு வரை கட்டிக்கொண்டு, குளிரில் பல் அடிக்க, இதைக் கேட்டேன். ஆக, என் பரீட்சையின் முடிவு இதுதான். நான் நோயாளி என்று அத்தைக்கு முதல் நாளே தெரியும். டாக்டர் வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டார். குழந்தைக்குப் பை தயார். நான் தானாகச் சரியாவேன், அல்லது ஆகமாட்டேன்.

எண்ணெய் வழிய வழிய ஹாலுக்குப் போனேன்.

"நான் செத்தாலும் உங்களுக்குப் பரவால்லியா அத்தை?"

அத்தை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். எண்ணெய் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசிப் பிரயோசனம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அத்தையின் கையைப் பிடித்து இழுத்து என் கழுத்தில் வைத்தார்.

"அய்யோ சாமி! மேலு நெருப்பாட்டச் சுடுதே! எப்ப இருந்து?"

"மூணு நாளா!"

"மூணு நாளா எங்கிட்டச் சொல்லாம என்ன பண்ணீட்டு இருந்த?"

"தினமும் சொன்னேனே! உஷாரில்ல, உஷாரில்லன்னு!"

"அதுக்கும் காச்சலுக்கும் என்னடி சம்மந்தம்?"

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் முறையாக 'டி' போட்டார். அந்த நிமிஷம் எனக்கு அது ஏனோ இதமாக இருந்தது.

எண்ணெய் அக்காதான் தீர்ப்பு சொன்னார். "கன்னடத்துல உஷாரில்லன்னா மேலுக்கு முடியலன்னு அம்மா. காச்சல், நோவு, அப்படி."

அத்தை குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டார். பிறகு யாரிடமோ வாக்குமூலம் கொடுப்பது போலச் சொன்னார்.

"கொழந்தையப் பாத்துக்கற அளவுக்குத் தனக்கு உஷார் பத்தலைன்னு சொல்றாளாக்கும்னு நெனச்சேன். இந்தக் காலத்துப் புள்ள, இத்தன உண்மையா ஒத்துக்கறாளேன்னு மெச்சீட்டு வேற இருந்தேன்."

புரியாத சொல்லாக இருந்திருந்தால் அத்தை அன்றே நிறுத்திக் கேட்டிருப்பார். இது அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். அவர் ஊரில் உஷார் என்றால் விழிப்பு. திருடன் வந்தால் நாய்க்கு இருக்க வேண்டியது. எனக்கு அது இல்லை என்று நானே மூன்று நாள் கதறியிருக்கிறேன்.

ஆனாலும் சந்தேகக்காரி அவ்வளவு சுலபத்தில் வழக்கை வாபஸ் வாங்குவாளா? "பெரியம்மாகிட்ட கூட்டிட்டு வந்தர்றேன்னு சொன்னீங்களே?"

"ரெண்டு பேரத்தையுந்தான்டி! உஷாரில்லாதவள இங்க தனியா உட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"பை?"

"காஞ்ச துணிய எங்க வெக்கறது? உன்ற அலமாரியத் தொறந்தா எல்லாம் தலைல உழுகுது."

என் அலமாரி அப்படித்தான்.

"சரி, எங்க வலிக்குது? வாயத் தொறந்து சொல்லு. தமிழ்ல சொல்லு."

நான் கையால் காட்டினேன். அத்தை பாவாடை முடிச்சைத் தளர்த்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. எண்ணெய் அக்கா, பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டலாமா என்று இழுத்தார். "பூவும் வேண்டாம், பொட்டும் வேண்டாம்" என்று அத்தை எழுந்துவிட்டார். "ஆட்டோவக் கூப்புடு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார். எதிரில் உட்காரவைத்துக் கன்னடத்தில் கேள்வி கேட்டார். குழந்தை எத்தனை முறை குடிக்கிறது? சொன்னேன். எத்தனை முறை துணி நனைக்கிறது? சொன்னேன். எடை? கிராம் வரைக்கும் சொன்னேன். மலத்தின் நிறம் எந்தெந்த நாளில் எப்படி மாறியது என்று கேட்காமலே சொன்னேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் எவ்வளவு இருந்தது?"

தெரியவில்லை.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? தையல் எப்படி இருக்கிறது?"

எதிர்வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்பது போல நான் விழித்தேன். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"உங்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?"

அத்தை என் முழங்கையை இடித்தார். "என்ன கேக்கறாங்க?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான்னு சொல்லு. சத்தமில்லாமச் சொல்லு."

பால் தேங்கிக் கட்டி, அதில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலிக்கிறதென்று அந்தப் பக்கம் கொடுக்காமல் நிறுத்தியதுதான் நான் செய்த பெரிய தப்பாம். குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அந்தப் பக்கம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கும் முன் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பின் குளிர்ந்த துணி. பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரைதான் எழுதியிருக்கிறார், ஒன்றையும் விடக்கூடாது. தண்ணீர், தூக்கம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலை அளக்க வேண்டும். நாளைக்குள் குறையாவிட்டால் உடனே வர வேண்டும். குறைந்தாலும் இரண்டு நாளில் வந்து காட்ட வேண்டும். "இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் சீழ் பிடித்திருக்கும். நான் கத்தி எடுக்க வேண்டியிருந்திருக்கும்." நான் இதில் எதையும் சந்தேகப்படவில்லை. கத்தி என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பாலூட்டல். அத்தை துணியைச் சுடுநீரில் முக்கிப் பிழிந்து, தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, பிறகு எனக்கு வைத்தார். குழந்தையைச் சரியாகப் பிடித்து வாயில் வைத்தார். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

"கத்து. நல்லாக் கத்து. யாராச்சும் வந்து கேட்டா நான் சொல்லிக்கறேன்."

என் கணவர் பாதி வேலையில் ஓடி வந்து கதவருகே நின்றார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பெரிய வெளிச்சம்.

"உஷாருன்னா உடம்பு நல்லா இருக்கறதா? எங்க கம்பெனி வாட்ச்மேன் எட்டு வருஷமா, உஷாரா இருக்கீங்களா சார்னு கேட்டுட்டு இருக்காரு. நான் தினமும் பர்ஸத் தொட்டுப் பாத்துக்கறேன்."

"ஆராய்ச்சி அப்பறம் பண்ணு. மொதல்ல தண்ணி கொண்டா" என்றார் அத்தை.

மறுநாள் மத்தியானம் உடம்பு வியர்த்துக் கொட்டியது. அதற்கடுத்த நாள் கட்டி களிமண் போல இளகியது. டாக்டரம்மா மறுபடி பார்த்துத் தலையசைத்தார். மாத்திரையை மட்டும் முழுதாக முடிக்கச் சொன்னார்.

ஆனால் வீட்டில் சந்தேகம் தீரவில்லை. ஆள்தான் மாறியிருந்தது. வரும் வழியில் மருந்துக்கடையில் வாங்கிய தெர்மாமீட்டரோடு அத்தை என் பின்னாலேயே சுற்றினார். டாக்டர் சொன்னது ஆறு மணி நேரம். அத்தைக்கு அரை மணி நேரம். நான் சிரித்தால் சந்தேகம், சும்மா இருந்தால் சந்தேகம், இரண்டாவது முறை சோறு கேட்டால் பெரிய சந்தேகம்.

"நல்லா இருக்கேன் அத்தை."

"உன்ற தமிழ நான் நம்பறதா இல்ல. கையத் தூக்கு."

அக்குளில் வைத்தார். சத்தம் வந்ததும் எடுத்து, கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அதையும் நம்பாமல், துடைத்துத் தன் அக்குளில் ஒருமுறை வைத்துச் சரிபார்த்தார். பிறகு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது சரியாத்தான் இருக்குது. இப்பச் சொல்லு. வேற எங்கெங்க என்னென்ன?"

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ வேறு வந்துவிட்டது. உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது என்றேன். இடுப்பு விட்டுப்போகிறது, தும்மினால் பாவாடை நனைகிறது என்றேன். சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்றேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னார். இடையில் ஒருமுறை, "அழுகறது எத்தன நாளா? அதையும் அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லோணும்" என்றார். நான் பாதியில் இருக்கும்போது ஹாலில் குழந்தை சிணுங்கியது. எழப்போனேன். அத்தை என் முழங்காலில் கை வைத்து அழுத்திவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இரு சாமி. உங்கம்மா பேசீட்டு இருக்கறா."